பெரியம்மா பெயரில் ஒரு பாட்டில்

“தண்ணி கொடுத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

மருமகள் இதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்துகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. கையில் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த தாள் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அவள் கணவன், ஆபீஸிலிருந்து ஓடி வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றான். கட்டிலில் அவனுடைய அம்மா கண்களைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஜன்னலோரம் ஆயா நின்றாள்.

“கொடுத்தேம்மா. நோட்டுல எழுதியிருக்கேன்.”

நோட்டு மேஜைமேல் திறந்தே கிடந்தது. பெரியம்மா என்று ஆயா கூப்பிடும் அந்த அம்மாவுக்கு எத்தனை மணிக்கு எத்தனை மில்லி தண்ணீர், எத்தனை மில்லி கஞ்சி, எத்தனை மில்லி பழச்சாறு உள்ளே போனது என்று இடப்பக்கம். குழாய் வழியாகப் பையில் எத்தனை மில்லி சிறுநீர் வெளியே வந்தது என்று வலப்பக்கம். பதினான்கு மாதமாக ஒரு வேளை விடாமல் எழுதியதில் இது நான்காவது நோட்டு.

“நோட்டுல எழுதறதுக்கென்ன, நானும்தான் எழுதுவேன்,” என்றாள் மருமகள். “சீழ் இருக்குன்னு போட்டிருக்கான். ரத்தம் இருக்குன்னு போட்டிருக்கான். புரோட்டீன் வேற போகுதாம். தண்ணியே பார்க்காத உடம்பு மாதிரி இருக்கேன்னு டாக்டர் போன்லயே கேக்கறார். தினம் ரெண்டு லிட்டர் குடிக்கிற உடம்புல இது எப்படி வரும்?”

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஆயாவுக்குத் தெரியும். தாளின் தலையில் பெரியம்மாவின் பெயரும் எழுபத்தெட்டு என்ற வயதும் அச்சாகியிருந்தன. ஆனால் பாட்டிலில் போனது பெரியம்மாவுடைய சிறுநீர் அல்ல, ஆயாவுடையது. இது பெரியம்மாவுக்கும் தெரியும். அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் பேச்சும் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆயா என்றதும் தலை நரைத்த கிழவியை நினைத்துவிட வேண்டாம். மருமகளைவிட இரண்டு வயது இளையவள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த அன்றே ஒருத்தி ஆயாவாகிவிடுகிறாள். அதற்குப் பிறகு அவளுடைய வயதையும் யாரும் கேட்பதில்லை, பெயரையும் கேட்பதில்லை. இவளையும் கேட்கவில்லை.

மற்றபடி நல்ல மனிதர்கள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மதியம் அவர்கள் சாப்பிடுவதையே இவளுக்கும் போட்டார்கள், மிச்சம் மீதியை அல்ல. போன வருஷம் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருமகள் தன் கையால் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மகன் ஒரு தடவைகூட இவளை அதட்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மருமகள் இவளை நாற்காலியில் உட்காரவைத்து, சிரித்த முகத்தோடுதான் அந்த இரண்டு விதிகளைச் சொன்னாள்.

முதல் விதி, பெரியம்மாவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. சளி தொண்டையில் அடைத்துக்கொண்டால் கூப்பிடக்கூட அந்த அம்மாவால் முடியாது. ஆயா உடனே தலையாட்டினாள். சொல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் செய்திருப்பாள். இரண்டாவது விதியைச் சொல்லும்போது மருமகள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

“தப்பா எடுத்துக்காத. வீட்டு பாத்ரூம் வேணாம். கீழ வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால வேலை செய்யறவங்களுக்குன்னு தனியா கட்டியிருக்காங்க. சாவி அவர்கிட்ட இருக்கும், வாங்கிக்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்து வருவதைச் சரியாக எடுத்துக்கொள்ள வழியே இருக்காது. ஆனாலும் அவள் அன்றைக்குத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில்தான் இல்லை இந்த வழக்கம் என்று இருந்துவிட்டாள். மருமகளுக்கும் தான் சொன்னதில் ஒன்றும் உறுத்தவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சாதாரண விதிகள். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு வரவே இல்லை. சேர்த்துப் பார்த்தது ஆயாவின் அடிவயிறுதான்.

முதல் வாரத்தில் ஒரு நாள், பெரியம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கீழே ஓடினாள். ஏழு மாடி. சாவி வாட்ச்மேனிடம் இல்லை, யாரோ டிரைவர் வாங்கிப் போயிருந்தார். அவர் வரும்வரை நின்று, உள்ளே போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வெளியே ஒருவர் தட்ட ஆரம்பித்தார். அதே சமயம் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மருமகள்தான். பெரியம்மாவின் அறையில் ஒரு கேமரா இருந்தது; ஆபீஸில் உட்கார்ந்தபடியே அவளால் போனில் பார்க்க முடியும். அத்தை மட்டும் தனியாக இருக்கிறாரே, நெஞ்சே நின்றுவிட்டது, சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டாள்.

அடுத்த தடவை போன் போட்டுச் சொல்லிவிட்டே கிளம்பப் பார்த்தாள். மருமகள் மீட்டிங்கில் இருந்தாள். இப்போது கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாள். ஆயா பொறுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்த பொறுமை பதினான்கு மாதம் ஓடியது.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. பெரியம்மாவின் அறையிலேயே ஒரு பாத்ரூம் இருந்தது. கட்டிலிலிருந்து நாலு எட்டுத்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை ஆயா அதற்குள் போய் வந்தாள். பெரியம்மாவின் பையைக் கொண்டுபோய் அந்தக் கோப்பையில்தான் கொட்டினாள். மலத்துணிகளை அங்கேதான் அலசினாள். தினமும் சாயங்காலம் பிரஷ் போட்டுத் தேய்த்து, கோப்பையைப் பீங்கான் தட்டு மாதிரி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். அதில் அவள் கை படலாம், உடம்புதான் படக் கூடாது.

திருட்டுத்தனமாகப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் கேமராவுக்குப் பாத்ரூம் கதவு தெரியும். கதவு சாத்தியிருந்தால் மருமகளுக்கும் தெரியும். அதைவிட, அவளுக்கே மனசு ஒப்பவில்லை. ஒன்றுக்குப் போவதைக்கூடத் திருட வேண்டுமா என்று ஒரு வீம்பு. ஏழைக்கு வீம்பு இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? உடம்புக்குத்தான் அது புரியவில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் இதற்கு ஒரு வித்தை தெரியும். இவளுக்கு அவளுடைய அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். அக்கா பதினெட்டு வருஷம் வெவ்வேறு வீடுகளில் ஆயாவாக இருந்தவள். காலையில் டீ அரை டம்ளர், அதுவும் ஐந்து மணிக்குள். கிளம்புவதற்கு முன் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு தடவை போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கெட்டியாகச் சாப்பிட வேண்டும். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. ரொம்பவும் முடியாவிட்டால் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வித்தையும் தெரிந்த அக்கா இப்போது வீட்டோடு இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

அந்த அக்காவோடுதான் ஆயா குடியிருந்தாள். அவளுக்குச் சோறு வடிப்பதும், வீங்கிய காலைத் தூக்கித் தலையணைமேல் வைப்பதும் இவள்தான். அதனால் நாலு மாதத்துக்கு முன்னால் தனக்கு எரிச்சல் ஆரம்பித்தபோது, இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. முதலில் எரிச்சல். அப்புறம் முதுகில் இரண்டு பக்கமும் வலி. அப்புறம் காலையில் முகம் உப்பியிருந்தது. அக்காவிடம் சொல்லாமல் மறைத்துப் பார்த்தாள். அக்கா ஒரு நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிறம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டாள். இவள் அக்காவின் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போய் டெஸ்ட் எடுடி,” என்றாள் சுவரைப் பார்த்தபடியே. “நான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளித்தான் இப்படி ஆனேன். நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யார் பார்க்கிறது?”

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீர் வாங்குகிற ஜன்னல் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும்தான் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆயாவுக்கு வேலை எட்டிலிருந்து ஏழு. ஞாயிற்றுக்கிழமை லீவு. அவளுக்கு லீவு இருக்கிற நாளில் ஜன்னல் திறக்காது, ஜன்னல் திறக்கிற நாளில் அவளுக்கு லீவு கிடைக்காது. ஒரு நாள் மருமகளிடம் கேட்டாள். மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கூச்சப்பட்டு, வயிற்றுவலி என்று மட்டும் சொன்னாள். இந்த மாதம் ஆபீஸில் ஆடிட், அடுத்த மாதம் போய்க்கொள் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் மகன் வெளியூர் போயிருந்தான். மூன்றாம் மாதம் அவளாகவே கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு மட்டும் மாதம் தவறாமல் டெஸ்ட் நடந்தது. பரிசோதனை நிலையத்து ஆள் முதல் நாளே காலிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார். குழாயிலிருந்து பிடித்து மூடி, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டியது ஆயாவின் வேலை. பதிமூன்று மாதமும் ஒரே மாதிரிதான் வந்தது: ஒரு குறையும் இல்லை. போன மாதம் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிச் சிறுநீரகம் யாருக்கு இருக்கிறது என்று மகனைத் தட்டிக் கொடுத்தார். மகன் பெருமையோடு மருமகளைப் பார்த்தான். மருமகள் நோட்டைப் பார்த்தாள். நோட்டை எழுதியவள் அப்போது பையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பதினான்காவது மாதம், நேற்றுக் காலை. பாட்டிலும் பெயர்ச்சீட்டும் மேஜைமேல் இருந்தன. மணி ஒன்பதே முக்கால். ஆயா பாட்டிலைக் கையில் எடுத்தாள். குழாயின் நுனியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியம்மாவுக்கு மாதா மாதம் பார்க்கிறார்கள். ஒரு மாதம் எனக்குப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்? அடுத்த மாதம் அவர்களுக்குப் பார்த்துக்கொள்ளட்டும். அவள் நினைத்தது இவ்வளவுதான். அதற்கு மேல் நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

குழாயை விட்டுவிட்டு, பாட்டிலை மலத்துணிக்கு அடியில் மறைத்து எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் கேமராவில் தெரியும். உள்ளே ஒரு மூலைதான் கேமராவுக்கு எட்டாத இடம். அந்த மூலையில், கோப்பையில் உட்காராமல், தரையில் குந்திக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பெரியம்மாவின் முகம் நேராகத் தெரிந்தது. பெரியம்மா இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆயாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு அந்த அம்மா மிகவும் சிரமப்பட்டு, நல்ல கையால் தலையணை விளிம்பைப் பிடித்து இழுத்து, கழுத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் ஆயாவுக்குக் கிடைத்த முதல் மறைப்பு அதுதான்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பில் என்ன இருக்கும்? பாட்டிலில் கால்வாசிகூட நிறையவில்லை. டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பெரியம்மாவின் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். பத்து மணிக்கு ஆள் வந்து வாங்கிப் போய்விட்டார்.

இன்றைக்கு மதியம் ரிப்போர்ட் மருமகளின் போனுக்கு வந்தது. மூன்று மணிக்கெல்லாம் இருவரும் வீட்டில் இருந்தார்கள். நாலு மணிக்கு டாக்டர் வந்தார், கூடவே ஊசிபோட ஒரு நர்ஸும் வந்தாள்.

டாக்டர் பெரியம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் இல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது என்றார். ஆனால் வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே காட்டாது, உள்ளுக்குள்ளேயே பரவிவிடும், ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்றார். ஏழு நாள் ஊசி. கடுமையான மருந்துதான், சிறுநீரகத்தையே கொஞ்சம் சோதிக்கும், இருந்தாலும் வேறு வழியில்லை. மகன் தலையை ஆட்டினான். ஆயாவின் பக்கம் யாரும் திரும்பவில்லை. தண்ணீர் கொடுக்காமல் ஏமாற்றியவள் என்று அவளுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். தனக்கு என்ன என்பது தெரிந்துவிட்டது. அதற்காகத்தானே அந்தக் காரியத்தைச் செய்தாள்? தண்ணீர் விஷயத்தில் ஒரு திட்டு, அதோடு போகும். வேலை இருக்கும், சம்பளம் வரும், அக்காவின் மருந்து நிற்காது. ஊசி ஏழு நாளில் முடிந்துவிடும். ஆனால் போன வருஷம் வேறொரு ஊசி போட்டபோது பெரியம்மாவின் உடம்பு முழுக்கத் தடித்து, உதடு வீங்கி, இரண்டு நாள் மூச்சுக்குத் திணறியதை இவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த இரண்டு நாளின் கணக்கும் நோட்டில் இருக்கிறது.

நர்ஸ் ரப்பர் குழாயைக் கட்டி, சுருங்கிய கையில் நரம்பைத் தட்டித் தட்டித் தேடினாள். பெரியம்மா ஆயாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, குற்றமும் இல்லை. சும்மா பார்த்தாள்.

“ஊசி போடாதீங்க டாக்டர்,” என்றாள் ஆயா. “அது பெரியம்மாவோடது இல்ல. என்னோடது.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். பாட்டிலில் தான் பிடித்துக் கொடுத்ததையும், நாலு மாதமாக எரிச்சல் இருப்பதையும், ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கிடைக்காததையும், தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தாள். பெரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, தினமும் ரெண்டு லிட்டர் கொடுத்திருக்கிறேன், நோட்டில் ஒரு வரி பொய் இல்லை என்றாள். அவளுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

நர்ஸ் ரப்பர் குழாயை அவிழ்த்தாள்.

மகன் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். “அப்பாடா,” என்றான். கட்டிலோரம் மண்டி போட்டு, அம்மாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். “உனக்கு ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல.” மருமகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தாள். மூன்று மணியிலிருந்து நெஞ்சுக்குள் எதுவோ உருண்டுகொண்டே இருந்தது டாக்டர் என்றாள். டாக்டரும் சிரித்தார். அறையே லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஆயாவையும் தொற்றிக்கொண்டு, அவளும் ஒரு கணம் பல் தெரியச் சிரித்துவிட்டாள்.

தாள் மேஜைமேல்தான் கிடந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. சீழ் அப்படியே இருந்தது, ரத்தம் அப்படியே இருந்தது. ஆள் மட்டும்தான் மாறியிருந்தாள். ஆள் மாறியதும் நோயும் போய்விட்டது.

போகும்போது டாக்டர்தான் வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவசரம், இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.

“நீ தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?”

ஆயா தரையைப் பார்த்தாள். மருமகளும் தரையைத்தான் பார்த்தாள்.

“ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும். அடக்கவே கூடாது. சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு, விளையாடற விஷயம் இல்ல.” லிஃப்ட் வந்துவிட்டது. டாக்டரும் நர்ஸும் போனார்கள்.

மகன் முகம் கழுவிக்கொள்ள உள்ளே போனான். மருமகள் பெரியம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

“ஆயா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.”

ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்றுதான் கேட்கப்போகிறாள் என்று ஆயா நினைத்தாள். அதற்குப் பதில்கூடத் தயாராக இருந்தது. சார் இருந்தார், கூச்சமாக இருந்தது என்று சொல்லலாம். நீங்கள் பொறுத்துக்கொள் என்றீர்களே என்பதைச் சொல்ல வேண்டாம், பாவம், மனசு கஷ்டப்படும்.

“அதை எங்க வச்சுப் பிடிச்ச?”

ஆயாவுக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காதில் யாரோ அறைந்தது போல் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. நாலு மாத எரிச்சல், நாள் கிடைக்காத ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு மருமகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

“இங்கதாம்மா,” என்று பாத்ரூமைக் காட்டினாள்.

மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். சமையலறைக்குப் போய், தொட்டிக்கு அடியிலிருந்த பினாயில் பாட்டிலையும் பிரஷையும் ஒரு புதுக் கையுறையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கையுறை அவளுடைய நல்ல மனசுக்கு அடையாளம்.

“நான் உன்னைத் திட்டல,” என்றாள். “நீ உண்மையைச் சொன்ன, அது பெரிய விஷயம். வேற வீடா இருந்தா இந்நேரம் அனுப்பியிருப்பாங்க. ஆனா அத்தை படுக்கையில கிடக்கறாங்க. உனக்கு இருக்கறது அவங்களுக்கு வந்துட்டா என்ன பண்றது, நீயே சொல்லு. அதனால மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை நல்லா தேய்ச்சுக் கழுவிடு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு, எனக்கு லீவே கிடையாது. ஞாயித்துக்கிழமை நிதானமா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா.”

ஆயா பினாயிலையும் பிரஷையும் வாங்கிக்கொண்டாள். கையுறையையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் எல்லாவற்றையும் தரையில் வைத்தாள்.

பிறகு திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. யாரும் போட்டுப் பழகாத தாழ்ப்பாள். உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டித்தான் அது உள்ளே போய் விழுந்தது. சத்தம் வெளியே அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

தினமும் தன் கையால் தேய்த்த கோப்பையில் ஆயா உட்கார்ந்தாள். சில்லென்று இருந்தது. காலையிலிருந்து அடக்கியது உடனே வரவில்லை, வர மறந்துவிட்டது. அவள் அவசரப்படவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, தட்டுகிறவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வந்தபோது நெருப்பாக எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முடிந்ததெல்லாம் முடிந்த பிறகு எழுந்து, தண்ணீரை இழுத்துவிட்டாள். அங்கிருந்த சோப்பை எடுத்துக் கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள்.

“ஆயா?” வெளியிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். “தேய்க்கிற சத்தமே காணோம்? ஆயா?”

கைப்பிடி ஒரு தடவை ஆடியது. ஆயா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தாள். மருமகள் எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால், துண்டும் கையுமாக மகன். கட்டிலிலிருந்து பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் பினாயில் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

“கழுவிட்டியா?”

“இல்லம்மா,” என்றாள் ஆயா. “ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன்.”